பூதத்தின் தொண்டையில் ஒரு சொல்

அத்தியாயம் 4

துப்பறிவாளர் அந்தக் கட்டடத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோது, அவருடைய நாத்தனார் இரண்டாவது மாடியிலேயே நின்றுவிட்டார். மூச்சு வாங்குவதற்காக அல்ல, குறை சொல்வதற்காக. அண்ணனுக்குக் கல்யாணம் என்றபோது வீட்டுக்கு ஒரு அண்ணி வருவார் என்று மட்டும்தான் சொன்னார்களாம். அந்த அண்ணியோடு லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் எல்லாம் ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று ஒருவர்கூட எச்சரிக்கவில்லையாம். துப்பறிவாளர் வழக்கம்போல் பதில் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் நிலவும் அமைதிக்கு இந்த வழக்கமே முதற்காரணம் என்பதை இங்கே பணிவுடன் குறிப்பிடலாம்.

மூன்றாம் மாடியில் கணினி விளையாட்டுகள் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று இருந்தது. அதன் முதலாளி வாசலுக்கே வந்து இருவரையும் வரவேற்றார். நரைத்த மீசையும், நன்றாக இஸ்திரி போட்ட சட்டையும், யாரையும் நோகடிக்க விரும்பாத முகமும் கொண்டவர். அப்படிப்பட்டவர்தான் அன்று மாலைக்குள் ஒருவரை வேலையை விட்டு அனுப்ப முடிவு செய்திருந்தார்.

அவர் சொன்ன விவரம் இது. நிறுவனம் அடுத்து வெளியிடவிருக்கும் விளையாட்டில் ஒரு பூதம் வருகிறது. பாழுங்கிணற்றில் வசிக்கும் அந்தப் பூதத்தின் உறுமல்தான் விளையாட்டின் உயிர். கேட்டவர்கள் நடுங்கவேண்டும் என்பதற்காக அதை வெளியீட்டு நாள்வரை கட்டிக் காத்து வந்தார்கள். ஆனால் சென்ற வாரம் அந்த உறுமலின் ஒரு துண்டு, பொது வீடியோப் பக்கம் ஒன்றில் வந்துவிட்டது. அதைப் போட்டவர் யார் என்று தெரியவில்லை. கீழே கருத்து எழுதியவர்கள் எவரும் நடுங்கியதாகவும் தெரியவில்லை.

அந்த உறுமலைச் செய்தவர் ஒலி வடிவமைப்பாளரான ஒரு பெண். அவர்தான் வெளியே விட்டிருக்கவேண்டும் என்றார் முதலாளி. உறுமலுக்கு மூலமான ஒலிப்பதிவு அந்தப் பெண்ணின் சாவிக்கொத்தில் தொங்கும் சிறிய டிஸ்கில் மட்டுமே இருக்கிறது. அது இல்லாமல் உறுமல் வராது என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே மாலையில் அவர் கிளம்பவேண்டும். விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்களில் அவர் பெயரும் இருக்காது.

“எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டீங்க. எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க? கைதட்டவா?” என்று நாத்தனார் கேட்டார்.

தன் மனைவிதான் வற்புறுத்தியதாக முதலாளி ஒப்புக்கொண்டார். ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுப்பதற்கு முன்னால் வெளியாள் ஒருவரிடமாவது கேட்கவேண்டும் என்று மனைவி சொன்னாராம். அந்த அம்மாளைச் சந்திக்க விரும்புவதாக நாத்தனார் தெரிவித்தார்.

அப்போது முதலாளியின் ஃபோன் அடித்தது. திரையைப் பார்த்தவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். திறந்திருந்த கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு நடைவழிக்குப் போய், எதிரே யாரோ நிற்பதுபோல் லேசாகக் குனிந்தபடி பேசிவிட்டு வந்தார். முக்கியமான கால் என்று மட்டும் சொன்னார். துப்பறிவாளர் தலையசைத்துவிட்டு, ஒலி அறை எங்கே என்று கேட்டார்.

ஒலி அறைக்கு ஜன்னல் இல்லை. சுவர்களில் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகைகள் ஒட்டியிருந்தன. ஒன்று மட்டும் பிய்ந்து, செலோடேப்பின் தயவில் நின்றது. மேசையில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு சிறிய இசைக் கீபோர்டு, ஒரு மைக். தரையில் துருப்பிடித்த இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. பக்கத்து அறையில் நிரல் எழுதும் இளைஞர் ஒருவர் இருந்தார். நிறுவனத்தில் முதலாளியையும் ஒலி வடிவமைப்பாளரையும் சேர்த்து மொத்தம் மூவர்தான்.

ஒலி வடிவமைப்பாளர் அழவில்லை. தன் ஹெட்போனை ஏற்கெனவே பைக்குள் வைத்துவிட்டிருந்தார். துப்பறிவாளரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

“பேரை எடுத்துடுவாங்களா மேடம்?”

வேலையைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று துப்பறிவாளர் விசாரித்தார். வேலை வேறு இடத்திலும் கிடைக்கும் என்றார் அவர். இதற்கு முன்பு இரண்டு விளையாட்டுகளுக்கு ஒலி செய்திருக்கிறார். இரண்டிலும் ‘ஒலி: குழுவினர்’ என்று போட்டார்கள். குழுவில் இருந்தது அவர் ஒருவரே. இந்தப் பூதம்தான் அவர் பெயரோடு வெளிவரவிருந்த முதல் வேலை. திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் அடுத்ததிலும் குழுவினர்தான். அதுவும் குழுவில் சேர்த்துக்கொண்டால்.

“பூதத்தைக் கொஞ்சம் கூப்பிடுங்க,” என்றார் துப்பறிவாளர்.

ஒலி வடிவமைப்பாளர் கணினித் திரையில் எதையோ திறந்து, கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினார். அறையில் அமைதி நிலவியது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அமைதி.

“இன்னைக்கு லீவா?” என்றார் நாத்தனார்.

“இது பாக்கறதுக்கு வாத்தியம் மாதிரி இருக்கும். ஆனா இதுக்குச் சொந்தமா சத்தம் கிடையாதுங்க. இது வெறும் தொண்டை. வெளியிலேர்ந்து மூச்சு அனுப்பினாத்தான் கத்தும்.”

அவர் விளக்கியதை இயன்றவரை எளிமையாகச் சொல்வதானால் இவ்வளவுதான். கணினிக்குள் இருக்கும் வாத்தியங்கள் பெரும்பாலும் கட்டையை அழுத்தினாலே ஒலிக்கும். இந்த வாத்தியத்துக்கு மட்டும் ஒரு வாசல் உண்டு. அந்த வாசல் வழியே வேறொரு ஒலியை உள்ளே அனுப்பவேண்டும். எவ்வளவு கனமான குரல் என்பதைக் கட்டை தீர்மானிக்கும். அந்தக் குரல் எப்படி வாயைத் திறந்து மூடுகிறது என்பதை உள்ளே வரும் ஒலி தீர்மானிக்கும். டிரங்குப் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் தரதரவென்று இழுத்து, அதைப் பதிவு செய்து, அவர் உள்ளே அனுப்பியிருக்கிறார். சாவிக்கொத்து டிஸ்கில் இருப்பது அந்தப் பதிவுதான்.

அவர் டிஸ்கைச் செருகி, பெட்டியின் சத்தத்தை ஓடவிட்டு, கட்டையை அழுத்தினார். பஞ்சுப் பலகைகள் அதிர்ந்தன. ஏதோ ஒன்று பூமிக்கடியில் பசியோடு புரண்டு படுத்தது. நாத்தனார் தன் கைப்பையை மடிக்கு எடுத்துக்கொண்டார்.

வாசலை மைக் பக்கம் திருப்ப முடியுமா என்று துப்பறிவாளர் கேட்டார். முடியும் என்று சொல்லி, திருப்பி, கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டார் ஒலி வடிவமைப்பாளர். மைக்கை நாத்தனார் முன் நகர்த்தினார்கள். எதையாவது பேசச் சொன்னால் திகைத்துப்போகும் ரகமல்ல நாத்தனார்.

“எங்க அண்ணன் சாப்பிட்ட தட்டை ஒரு நாளாவது கழுவி வெச்சதுண்டா?”

பாழுங்கிணற்றின் அடியிலிருந்து பூதம் இந்தக் கேள்வியைக் கேட்டது. கோபமும் ஆற்றாமையும் கலந்திருந்தன. பக்கத்து அறையிலிருந்த இளைஞர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக மூடிக்கொண்டார்.

“அண்ணி, இந்தக் குரல் எனக்குப் பொருத்தமா இருக்கு. வீட்டுக்கு ஒண்ணு வாங்கிப் போடலாம்.”

துப்பறிவாளரும் மைக்கில் ஒரு வாக்கியம் பேசிப் பார்த்தார். அதே பூதம், அதே குரல். பேசியது ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா என்று எதுவும் தெரியவில்லை. ஆனால் சொற்கள் மட்டும், கம்பளிக்கு அடியிலிருந்து வருவதுபோல், ஏறக்குறையப் புரிந்தன.

“யார் பேசினாலும் இப்படித்தானா?”

“ஆமாங்க. குரல் போயிடும். வாய் மட்டும் மிஞ்சும்.”

துப்பறிவாளர் சற்று நேரம் டிரங்குப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வெளியே போன அந்தத் துண்டை இதே ஸ்பீக்கரில் கேட்டதுண்டா என்று வினவினார். இல்லை என்று பதில் வந்தது. முதலாளி தன் ஃபோனை நீட்டி, இது உன்னுடையதுதானே என்று மட்டும் கேட்டாராம். ஆமாம் என்று இவரும் சொல்லிவிட்டாராம். அந்தத் தொண்டை இவர் செய்தது. தான் செய்ததை வேறொருவருடையது என்று எப்படிச் சொல்வது?

துண்டை ஸ்பீக்கரில் போட்டார்கள். ஒலி வடிவமைப்பாளர் ஒருமுறை கேட்டார். மறுமுறை கேட்டபோது நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“இது என் பெட்டி இல்ல.”

இரும்புப் பெட்டியை இழுத்தால் சத்தம் இடைவிடாமல் நீளும்; நடுவில் நிறுத்தி மூச்சு விடாது. இந்த உறுமலோ நின்று நின்று வருகிறது. உதடு மூடுகிறது, திறக்கிறது. தொண்டை மட்டும்தான் தன்னுடையது; அதற்குள் போன மூச்சு வேறு யாருடையதோ என்றார் அவர். பேசப் பேச அவருடைய குரல் உயர்ந்தது.

அது எப்படிச் சாத்தியம் என்று கேட்டதற்கு அவரே விடை சொன்னார். வாத்தியத்தின் ப்ராஜெக்ட் ஃபைல் அலுவலகத்தின் பொது டிரைவில் இருக்கிறது, யாரும் திறக்கலாம். பெட்டியின் பதிவுதான் அதில் இல்லை. அந்த ஃபைலை வேறொரு கணினியில் திறந்தால், பழைய வாசலைக் காணாமல், கைக்கு எட்டிய முதல் வாசலை அது பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அந்தக் கணினியின் சொந்த மைக்காகவே இருக்கும்.

“அப்போ திறந்தவங்க என்ன பண்ணியிருப்பாங்க?” என்றார் துப்பறிவாளர்.

“கட்டையை அழுத்தியிருப்பாங்க. அப்ப ஏதோ பேசியிருப்பாங்க. பூதம் கத்தினதும், கட்டையிலேர்ந்துதான் வருதுன்னு நெனச்சிருப்பாங்க. அவங்க பேச்சுதான் உறுமலா வருதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது.”

“வாயைக் குடுத்து மாட்டிக்கறதுன்னா இதுதான்,” என்று நாத்தனார் சொன்னார்.

யார் பேசியது என்பதை இனி எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. என்ன பேசினார் என்பதைக் கண்டுபிடிக்கலாம். அதற்குரிய கருவி அதிர்ஷ்டவசமாக அங்கேயே அமர்ந்திருந்தது. நாத்தனாரின் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பதி குடியிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் திறந்திருக்கும்போதுகூட அவர்களுடைய சண்டையை ஒரு சொல் விடாமல் பின்தொடரக்கூடியவர் அவர். இந்த ஆற்றலைப் பற்றி அவர் ஒருபோதும் பெருமை பேசியதில்லை; அந்தத் தம்பதிதான் அவ்வப்போது பேசுவார்கள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். துண்டு திரும்பத் திரும்ப ஓடியது.

“முதல்ல ‘கேட்டீங்களா’. மரியாதையாத்தான் பேசுது.”

மறுபடியும் ஓடியது.

“அப்புறம்... ‘நானே பண்ணேன்’.”

வாசலில் நிழல் விழுந்தது. முதலாளி எப்போது வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து அறை இளைஞரும் வந்து அவருக்குப் பின்னால் நின்றார்.

“பாத்தீங்களா? நானே பண்ணேன்னு அதுவே ஒத்துக்குது,” என்றார் முதலாளி. “பண்ணது இவங்கதானே?”

ஒலி வடிவமைப்பாளரின் கை கட்டையிலிருந்து நழுவியது. பூதத்தைப் பண்ணியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். பூதமும் அதையே சொல்கிறது. தன் தொண்டையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதைக் கேட்டு அவர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் தன் காதுகளின் மீதே கோபம் கொண்டவர்போல் இருந்தார்.

முதலாளி மிகுந்த பண்போடு நன்றி சொன்னார். இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்றும், கீழே இறங்கிப்போக இளைஞரைத் துணைக்கு அனுப்புவதாகவும் தெரிவித்தார்.

“இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்குங்க,” என்றார் துப்பறிவாளர்.

கடைசிச் சொல்லை மட்டும் தனியே ஓடவிட்டார்கள். ‘சம்பந்தம்’ என்றார் நாத்தனார். இதில் யாருக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லவந்து பாதியில் நிறுத்தியிருக்கலாம் என்பது அவருடைய கருத்து. முதலாளி அதை ஆமோதித்தார்.

துப்பறிவாளர் ஒலி வடிவமைப்பாளரிடம் திரும்பி, உதட்டை மூடி ஒரு சொல்லை முடித்தால் இந்தத் தொண்டையில் எப்படிக் கேட்கும் என்று கேட்டார். சத்தமும் கூடவே மூடிக்கொள்ளும் என்றார் அவர். அப்படியானால் இங்கே?

அவர் மறுபடி ஓடவிட்டார். சொல்லின் முடிவு மூடவில்லை. பல்லிடுக்கில் நூல்போல மெலிந்து நீண்டது.

நாத்தனார் கண்களைத் திறந்தார். அழைக்காமல் வந்துவிட்ட விருந்தாளியைப் பார்ப்பதுபோல் முதலாளியைப் பார்த்தார்.

“சம்பந்தி.”

துப்பறிவாளர் அந்த இளைஞரிடம், தவறாக நினைக்கவேண்டாம், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். அம்மா பெண் பார்த்துக்கொண்டிருப்பதாக இளைஞர் கூச்சத்துடன் சொன்னார். ஒலி வடிவமைப்பாளருக்கும் ஆகவில்லை.

“அண்ணன், மாமான்னு ரோட்டுல போறவங்களக்கூடக் கூப்பிடலாம்,” என்றார் துப்பறிவாளர். “சம்பந்தின்னு கூப்பிடணும்னா பிள்ளையப் பெத்து, வளர்த்து, ஒரு இடத்துல கட்டிக் குடுத்திருக்கணும். இந்த ஆபீஸ்ல அந்தத் தகுதி ஒருத்தருக்குத்தான் இருக்கும்னு தோணுது. ஃபோன் வந்ததும் எழுந்து நின்னு பொத்தானைப் போட்டீங்களே. உக்காந்துக்கிட்டுப் பேசமுடியாத ஆள் யாருன்னு அப்பவே யோசிச்சேன்.”

முதலாளி மறுக்கவில்லை. போன வருடம் மகளைக் கட்டிக் கொடுத்த இடம் பெரிய இடம். சம்பந்தி, ஆறுகளின் குறுக்கே பாலம் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர். பார்க்கும்போதெல்லாம், இன்னும் அந்தப் பொம்மை வேலைதானா என்று அன்போடு விசாரிப்பாராம். ஒரு நாள் மதியம் அவர் ஃபோனில் இருந்தபோது, முதலாளி பொது டிரைவிலிருந்து பூதத்தைத் தன் லேப்டாப்பில் திறந்திருக்கிறார். பதிவுப் பொத்தானைத் தட்டி, திரையில் தெரிந்த கட்டையை அழுத்திக்கொண்டே, கேட்டீங்களா என்று கேட்டிருக்கிறார். பூதம் உறுமியது. சம்பந்தி முதன்முறையாக அசந்துபோய், யார் செய்தது என்று கேட்டார். விரல் இன்னும் கட்டையில் இருக்க, நானே பண்ணேன் சம்பந்தி என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பதிவான துண்டையும் அனுப்பிவைத்தார். சம்பந்தி அதைப் பெருமையோடு தன் காலைநடை நண்பர்களின் க்ரூப்பில் போட்டார். அங்கிருந்து அது எப்படி வெளியே போனது என்பதைக் காலைநடை நண்பர்களிடம்தான் கேட்கவேண்டும்.

“வீடியோவைக் கேட்டப்பவே உங்களுக்குச் சந்தேகம் வரலியா?” என்றார் துப்பறிவாளர்.

“கட்டையை அழுத்தினா யாருக்கும் அதே சத்தம்தானே வரும்னு நெனச்சேன். நான் பேசினது அதுக்குள்ள போயிருக்கும்னு எனக்கென்னங்க தெரியும்?” என்றார் முதலாளி. பிறகு தாழ்ந்த குரலில், “சம்பந்தியச் சந்தேகப்பட முடியுமா? பொண்ணு அங்க இருக்கா,” என்றார்.

“அங்க இருக்கறது உங்க பொண்ணு, இங்க இருக்கறது யாரோ பொண்ணு. சரியாத்தான் யோசிச்சிருக்கீங்க,” என்றார் நாத்தனார்.

முதலாளி ஒலி வடிவமைப்பாளரிடம் மன்னிப்புக் கேட்டார். உண்மையாகவே கேட்டார் என்று சொல்லவேண்டும். வேலை அவருடையதே, பெயர் முதலில் வரும், ஜன்னல் உள்ள அறையும் பார்த்துத் தரப்படும். இந்த விஷயம் இந்தச் சுவர்களுக்குள்ளேயே இருந்துவிட்டால் போதும்.

“ஜன்னல் வேண்டாங்க சார், சத்தம் உள்ள வரும்,” என்றார் அவர். “‘நானே பண்ணேன்’னு அவர்கிட்ட சொன்னீங்க இல்ல? அதை மாத்திச் சொல்லுங்க.”

இதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேட்கும்படி முதலாளி கெஞ்சினார். பிய்ந்த பஞ்சுப் பலகையைப் பற்றிக்கூடப் பேசினார். ஒலி வடிவமைப்பாளர் வேறு எதையும் கேட்கவில்லை. தம் வேலை முடிந்தது என்று துப்பறிவாளர் நாகரிகமாக எழுந்தார். நாத்தனார் எழவில்லை. மூன்று மாடி ஏறி வந்தவர் முடிவைப் பார்க்காமல் இறங்கப்போவதில்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

முதலாளி எண்ணைத் தட்டி, ஃபோனை மேசையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

“சம்பந்தி, அன்னைக்கு ஒரு சத்தம் அனுப்பினேனே... அது நான் பண்ணது இல்லீங்க.”

“பின்ன?”

“எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு...”

ஒலி வடிவமைப்பாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அவருடைய பெயரைச் சொன்னார்.

அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

“அப்போ நீங்க அங்க என்னதான் பண்றீங்க சம்பந்தி?”

முதலாளிக்கு எத்தனையோ பதில்கள் இருந்திருக்கும். இடம் பிடித்தது, கடன் வாங்கியது, ஆள் சேர்த்தது எல்லாம் அவர்தான். அவர் அவற்றில் எதையும் சொல்லவில்லை.

“இன்னைக்கு அவங்கள வேலைய விட்டு அனுப்பப் பாத்தேங்க.”

ஃபோனில் நாற்காலி நகரும் சத்தமும், எதையோ தேடி இழுப்பறைகளைத் திறந்து மூடும் சத்தமும் கேட்டன.

“அந்தப் பேரை இன்னொரு தடவ சொல்லுங்க,” என்றது பாலம் கட்டியவரின் குரல். “க்ரூப்புல உங்க பேரைப் போட்டு வெச்சிருக்கேன். தப்பா இருக்கறத அப்படியே விடக்கூடாது. பேனா எடுத்துட்டேன், சொல்லுங்க.”

முதலாளி வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஃபோனை எடுத்து மேசையின் மறுபக்கம் வைத்தார்.

ஒலி வடிவமைப்பாளர் அதன் பக்கம் குனிந்து, தன் பெயரைத் தானே, எழுத்து எழுத்தாகச் சொன்னார்.